மொழிபெயர்க்க முடியாத முழக்கம்: பரோன் ரோஹோ இசைக்குழுவின் வரலாறு

ஓர் இசைவடிவம் தான் பிறந்த மொழியை விட்டு வேற்று மொழிக்குள் குடியேறும்போது, தொடக்கத்தில் அது மொழிபெயர்ப்பாகவே வாழ்கிறது. பின்னர் ஒரு கட்டத்தில், புகுந்த மொழியின் சொற்களால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்லி, அந்த மொழிக்கே உரிய கலையாக மாறுகிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய்வதற்கு ஸ்பெயின் நாட்டின் ஹெவி மெட்டல் இசையும், குறிப்பாக 1980-ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் தோன்றிய பரோன் ரோஹோ குழுவின் வரலாறும் பொருத்தமான சான்றுகளாகும். நால்வர் கொண்ட அக்குழு பத்தே ஆண்டுகளில் கடந்து வந்த பாதை, சர்வாதிகாரத்திலிருந்து மக்களாட்சிக்கு மாறிய ஒரு நாட்டின் இளைஞர்கள் தங்கள் சொந்த மொழியில் உரக்கப் பேசும் உரிமையை எவ்வாறு பெற்றார்கள் என்ற பெரிய வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

இசையின் இயல்பு

ஹெவி மெட்டல் என்பது மின்கிட்டாரின் ஒலியை மையமாகக் கொண்டு, 1970-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் உருப்பெற்ற ராக் இசையின் ஒரு கிளை. பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சப்பாத் குழு அதன் முன்னோடிகளுள் தலையாயது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தபோது விரல் நுனிகளை இழந்தவர் என்பதும், அந்த ஊனத்துக்கு ஏற்பத் தம் வாசிப்பு முறையை மாற்றிக்கொண்டார் என்பதும், இவ்விசை தொழிலாளர் வாழ்விடங்களோடு கொண்டிருந்த நெருக்கத்தைக் காட்டுகின்றன.

இவ்விசையின் ஒலிக்கு அடிப்படையாக அமைவன மூன்று கூறுகள். முதலாவது டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலிச்சிதைவு; கிட்டாரின் ஒலியலையை ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கும்போது அலையின் முகடுகள் வெட்டுண்டு, புதிய மேற்சுரங்கள் பிறந்து, ஒலி அடர்த்தியும் சொரசொரப்பும் பெறுகிறது. இரண்டாவது பவர் கார்டு. ஆதார சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும், அதாவது தமிழிசை மரபு குரல் என்றும் இளி என்றும் வழங்கும் ச-ப இணையை மட்டும் சேர்த்து மீட்டுவதே அது. சிதைந்த ஒலியில் இடைச்சுரமாகிய காந்தாரத்தையும் சேர்த்தால் இசை கலங்கிவிடும் என்பதால், இந்த இரு சுரக் கட்டே இவ்வகை இசைக்கு ஏற்றதாயிற்று. மூன்றாவது ரிஃப்; பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து அதன் முதுகெலும்பாக நிற்கும் சிறு இசைத்தொடரையே இச்சொல் குறிக்கிறது. இக்கூறுகளுள் எதுவும் எந்த மொழியையும் சார்ந்ததன்று. ஆயினும் குரல் எழுந்து பாடத் தொடங்கும் கணத்தில் மொழி குறுக்கே வந்து நிற்கிறது, ஸ்பெயினில் எழுந்த சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

அடக்கப்பட்ட நாடும் நகரத்தின் விளிம்பும்

1939-இல் உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சியைப் பிடித்த தளபதி பிரான்சிஸ்கோ பிராங்கோ, 1975 நவம்பர் 20-இல் இறக்கும் வரை ஸ்பெயினைச் சர்வாதிகாரியாக ஆண்டார். கத்தோலிக்கத் திருச்சபை அரசின் தூணாக விளங்கிய அக்காலத்தில் நூல்களும் திரைப்படங்களும் தணிக்கைக்கு உட்பட்டது போலவே பாடல் வரிகளும் தணிக்கைக்கு உட்பட்டன. ராக் இசை முற்றிலும் தடுக்கப்படவில்லை எனினும், அது நாட்டின் நடப்பைப் பற்றிப் பேசாத வரையில்தான் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1966-இல் லோஸ் பிராவோஸ் என்ற ஸ்பானியக் குழு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெருவெற்றி கண்டபோது, அவ்வெற்றியைத் தேடித்தந்த பாடல் ஆங்கிலத்தில் இருந்தது என்பதும், அதைப் பாடியவர் ஜெர்மனியைச் சேர்ந்தவர் என்பதும் கருதத்தக்கவை. ராக் என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் அன்று கேட்பவரிடம் மட்டுமன்றி, இசைப்பவரிடமும் வேரூன்றியிருந்தது.

இந்த எண்ணத்தைத் தகர்த்த ஆற்றல் மாட்ரிட் நகரின் விளிம்புகளிலிருந்து வந்தது. 1950-களிலும் 1960-களிலும் அந்தலூசியா, எஸ்திரமதூரா, லா மாஞ்சா முதலிய வறண்ட நிலப்பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் பெருந்திரளாக வந்த உழவர் குடும்பங்கள், வாயெகாஸ், கராபாஞ்செல் போன்ற புறநகர்ப் பகுதிகளில் நெருக்கமாகக் குடியேறின. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் கிராமத்து வாழ்வையும் அறியாமல், நகரத்தின் வளத்தையும் எட்டாமல் நின்றவர்கள். அவர்களுடைய வாழ்வைப் பற்றி, அவர்கள் பேசும் மொழியிலேயே பாடிய அஸ்ஃபால்தோ, டோபோ, லெஞோ முதலிய குழுக்களின் இசை, ராக் உர்பானோ, அதாவது நகர்ப்புற ராக் எனப் பெயர் பெற்றது. கராபாஞ்செல் பகுதியின் மைந்தரான ரொசெந்தோ மெர்காதோ தலைமையேற்ற லெஞோவின் முதல் இசைத்தட்டு 1979-இல் வெளிவந்தது. இக்குழுக்களின் தட்டுகளை வெளியிட்டது சாப்பா டிஸ்கோஸ் என்ற நிறுவனம். அதை நடத்தியவர் 'மரிஸ்கால்', அதாவது படைத்தலைவர், என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட வானொலி அறிவிப்பாளர் விசெந்தே ரொமேரோ. இசைத்தட்டு, வானொலி, இதழ் ஆகிய மூன்று வாயில்களையும் இவ்விசைக்குத் திறந்துவிட்டவர் அவர்.

செந்நிறப் பிரபுவின் தோற்றம்

அர்மாண்டோ டி காஸ்ட்ரோவும் கார்லோஸ் டி காஸ்ட்ரோவும் உடன்பிறந்தவர்கள். இருவரும் கிட்டார் கலைஞர்கள். கோஸ் என்ற குழுவில் இருந்த அவர்கள், தாங்கள் விரும்பிய கடுமையான இசைக்கு அங்கே இடமில்லாததால் 1980-இல் அதிலிருந்து விலகித் தனிக்குழு அமைத்தனர். ஷெர்பா என்ற பெயரால் புகழ்பெற்ற ஹோசே லூயிஸ் காம்புசானோ, பாஸ் கிட்டார் வாசிப்பவராகவும் முதன்மைப் பாடகராகவும் இணைந்தார். உருகுவே நாட்டில் பிறந்த எர்மெஸ் கலாப்ரியா டிரம்ஸ் வாசிப்பை ஏற்றார். ஷெர்பாவின் மனைவி கரோலினா கோர்தேஸ் மேடையேறாத ஐந்தாம் உறுப்பினர் எனத்தக்கவர். குழுவின் பாடல் வரிகளில் கணிசமான பகுதி அவர் எழுதியது. ஆண்களின் கோட்டையாகவே உலகெங்கும் கருதப்பட்ட ஓர் இசையில், ஒரு தலைமுறையே மனப்பாடமாகச் சொன்ன வரிகளைத் தந்தவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார் என்பது மறக்கப்படலாகாத உண்மை.

பரோன் ரோஹோ என்பதற்குச் செந்நிறப் பிரபு என்பது பொருள். முதல் உலகப் போரில் 80 வான்போர் வெற்றிகள் பெற்று, 1918 ஏப்ரல் 21-இல் 25-ஆம் வயதில் வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானி மன்ஃப்ரெட் ஃபன் ரிக்ட்ஹோஃபன், தம் விமானத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்ததால் பெற்ற பட்டப்பெயர் அது. போர்க்கருவிகளையும் பழைய வீரர்களையும் பெயராகச் சூட்டிக்கொள்வது ஹெவி மெட்டல் குழுக்களின் பொது வழக்கமாயினும், ஆங்கிலச் சொல் எதையும் நாடாமல் தாய்மொழியில் பெயரிட்டுக்கொண்டதிலேயே இக்குழுவின் நோக்கம் ஓரளவு வெளிப்பட்டுவிட்டது.

முதல் இசைத்தட்டான 'லார்கா விதா அல் ராக் அண்ட் ரோல்' 1981-இல் வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 23-இல் துணைக் கர்னல் அந்தோனியோ தெஹேரோ ஆயுதமேந்திய காவற்படையினருடன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களைச் சிறைப்பிடித்ததும், வலென்சியா நகரத் தெருக்களில் பீரங்கி வண்டிகள் இறக்கப்பட்டதும், மறுநாள் அந்தச் சதி முறியடிக்கப்பட்டதும் நிகழ்ந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட அரசியலமைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நாடு முழுவதும் உணர்ந்த காலம் அது. அத்தகைய காலத்தில் வெளியான அந்தத் தட்டின் தலைப்பு 'ராக் அண்ட் ரோல் நீடு வாழ்க' என்ற பொருள் தருவது. பிரிட்டனின் ரெயின்போ குழு 1978-இல் வெளியிட்ட தட்டின் ஆங்கிலத் தலைப்புக்கும் அதுவே பொருள். இசையில் வேகமும் உறுதியும் இருந்தன. குரலில் நாட்டின் மொழி இருந்தது. ஆயினும் முகப்பில் எழுதப்பட்ட முழக்கம் இன்னும் மொழிபெயர்ப்பாகவே ஒலித்தது.

லண்டனில் இரு மொழிகள்

இரண்டாம் தட்டான 'வொலூமென் புருத்தால்' 1982-இல் வெளிவந்தது. தலைப்பின் பொருள் 'கொடூரமான ஒலியளவு'. டீப் பர்ப்பிள் குழுவின் பாடகராகப் பெயர்பெற்ற இயன் கில்லன் லண்டனில் நடத்திய கிங்ஸ்வே ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. கில்லனின் குழுவில் கீபோர்டு வாசித்த காலின் டவுன்சும், கிங் கிரிம்சன் குழுவில் சாக்சஃபோன் வாசித்த மெல் காலின்சும் அதில் பங்களித்தனர். இசைப்பதிவு நுட்பத்தில் பின்தங்கியிருந்த ஸ்பெயினிலிருந்து சென்றவர்களுக்கு, தாங்கள் கேட்டு வளர்ந்த ஒலி உருவான இடத்திலேயே பணிபுரிவது பெரும் வாய்ப்பாக அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அயர்ன் மெய்டன் முதன்மை இடம் பெற்ற ரீடிங் இசைவிழாவின் மேடையிலும் பரோன் ரோஹோ ஏறியது.

இத்தட்டு ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இரு வடிவங்களாகப் பதிவு செய்யப்பட்டது இவ்வரலாற்றின் திருப்புமுனை. இசை ஒன்றே, கலைஞர்கள் அவர்களே. மாறியது மொழி மட்டும். ஆதலால் ஒரு பாடலுக்கு மொழி எதைத் தருகிறது என்ற வினாவுக்கு, இயற்கையாகவே அமைந்த ஓர் ஆய்வுக்கூடமாக அது விளங்குகிறது. ராக் இசையின் தாள அடிகள் ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களோடு சேர்ந்து வளர்ந்தவை. ஸ்பானியச் சொற்களோ பெரும்பாலும் ஈரசையும் மூவசையும் கொண்டு, உயிரொலியில் முடியும் தன்மை மிகுந்தவை. இதனால் ஸ்பானியம் ராக் இசைக்கு ஒத்துவராது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது.

அத்தட்டில் இடம்பெற்ற 'ரெசிஸ்திரே' என்ற பாடலின் தலைப்பே அக்கருத்துக்கு விடையளிக்கிறது. 'எதிர்த்து நிற்பேன்' என்று பொருள்படும் அது ஒற்றைச் சொல். தமிழின் 'நிற்பேன்' என்ற வினைமுற்றில் 'ஏன்' என்ற விகுதி பேசுபவரைக் காட்டுவது போலவே, அச்சொல்லின் ஈறும் தன்மை ஒருமையைக் காட்டிவிடுவதால், ஆங்கிலத்துக்குத் தேவையான தனிப் பெயர்ச்சொல்லும் துணைவினையும் அங்கே தேவையில்லை. மேலும், ஸ்பானிய எதிர்கால வினைமுற்றின் தன்மை ஒருமை வடிவத்தில் அழுத்தம் இறுதி அசையின் மீதே விழுகிறது. அந்த அசை திறந்த உயிரொலியாக இருப்பதால், பாடகர் தம் மூச்சு உள்ள மட்டும் அதை நீட்டலாம். செயலும் காலமும் செய்பவரும் ஒரே சொல்லில் அடங்கி, அச்சொல்லின் உச்சத்தில் பேசுபவரின் உறுதியே ஒலியாக எழும்புகிறது. குறையென்று எண்ணப்பட்ட மொழியமைப்பு, இவ்வாறு பாடலின் பலமாயிற்று.

ஆங்கில வடிவம் அக்குழுவைப் பிரிட்டனின் கேட்போருக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் ஸ்பானிய வடிவமே நிலைத்து வாழ்கிறது. குழுவும் தன் வாழ்நாள் பணியை ஸ்பானிய மொழியிலேயே நடத்தியது.

நரகமும் வேலையின்மையும்

'லோஸ் ரொக்கேரோஸ் வான் அல் இன்ஃபியெர்னோ', அதாவது 'ராக் இசைஞர்கள் நரகத்துக்குப் போகிறார்கள்' என்பது அதே தட்டின் மற்றொரு புகழ்பெற்ற பாடலின் தலைப்பு. நரகம், சாத்தான் ஆகிய உருவகங்கள் பிரிட்டனின் ஹெவி மெட்டலில் திகில் கதைகளின் சாயலோடு வந்தவை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கத்தோலிக்கம் அரச மதமாக இருந்து, 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தால்தான் அந்நிலை நீங்கிய நாட்டில், அதே உருவகங்கள் வேறொரு கனம் பெற்றன. மறைக்கல்வி வகுப்பில் நரகத்தின் தண்டனைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, நரகத்தைத் தன் இருப்பிடமாகத் தானே அறிவித்துக்கொள்வது, தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மற்றவர் கையிலிருந்து பறித்துக்கொள்வதாக இருந்தது.

பொருளியல் நிலையும் அப்பாடல்களுக்குப் பின்புலமாக அமைந்தது. 1982 அக்டோபர் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த சோசலிஸ்ட் கட்சி, ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்வதற்காக இரும்பு, கப்பல் கட்டுதல் முதலிய பெருந்தொழில்களைச் சீரமைத்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1980-களின் நடுவில் நாட்டின் வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியது. இளைஞரிடையே அது இன்னும் கடுமையாக இருந்தது. அதே ஆண்டுகளில் மாட்ரிட் நகரின் மையப்பகுதியில் மொவிதா எனப்பட்ட கலையெழுச்சி மலர்ந்தது. அது திரைப்பட இயக்குநர் பெத்ரோ அல்மொதோவார் முதலியோரை உலகறியச் செய்தது. நகராட்சியின் ஆதரவும் தொலைக்காட்சியின் வெளிச்சமும் மொவிதாவுக்குக் கிடைத்த அளவுக்குப் புறநகர்களின் ஹெவி மெட்டலுக்குக் கிடைக்கவில்லை. புதிய ஸ்பெயினின் முகமாக வண்ணமயமான மொவிதா உலகுக்குக் காட்டப்பட்டது. அதே ஸ்பெயினில் வேலை தேடி அலைந்தவர்களின் குரல், வாயெகாஸிலிருந்து வந்த ஓபுஸ், மாட்ரிட்டின் பரோன் ரோஹோ முதலிய குழுக்களின் அரங்குகளில் ஒலித்தது.

சொல் விளையாட்டும் சொந்தமாதலும்

1983-இல் வெளிவந்த மூன்றாம் தட்டின் தலைப்பு 'மெட்டல்மோர்ஃபோசிஸ்'. உருமாற்றம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லுக்குள் உலோகத்தைப் புகுத்தி அமைத்த சொல் அது. அத்தட்டின் 'இரோஷிமா' என்ற பாடல் அணுகுண்டின் பேரழிவைப் பேசியது. ஸ்பெயின் முந்தைய ஆண்டுதான் நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்ந்திருந்தது, அந்த முடிவை எதிர்த்த போராட்டங்களும் ஓயவில்லை.

1984 பிப்ரவரியில் மாட்ரிட் நகரில் நடந்த நிகழ்ச்சிகள் 'பரோன் அல் ரோஹோ பீபோ' என்ற இரட்டைத் தட்டாக வெளிவந்தன. 'அல் ரோஹோ பீபோ' என்பது உலையில் செக்கச்செவேலெனக் காய்ந்த இரும்பைக் குறிக்கும் மரபுத்தொடர். அதில் உள்ள 'ரோஹோ' குழுவின் பெயரோடு இணைய, 'பீபோ' என்ற சொல் உயிருள்ளது, நேரடியானது என்ற பொருள்களையும் தந்து, மேடையில் பதிவான இசை என்பதை உணர்த்துகிறது. மூன்று பொருள்கள் ஒரே தொடரில் பின்னி நிற்கும் இச்சிலேடையை எந்த மொழியில் பெயர்த்தாலும் இரண்டு பொருள்களேனும் உதிர்ந்துவிடும்.

1985-ஆம் ஆண்டின் 'என் ஊன் லுகார் தெ லா மார்ச்சா' இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1605-இல் வெளிவந்த செர்வாந்தெசின் 'தோன் கிஹோத்தே' நாவலின் தொடக்கச் சொற்களை ஸ்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அவற்றில் கதைநாயகனின் ஊர்ப்பகுதியாகிய லா மாஞ்சா என்ற பெயரின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 'மார்ச்சா' என்று அத்தலைப்பு அமைக்கப்பட்டது. மார்ச்சா என்பது அணிவகுப்பு நடையையும் குறிக்கும். அக்கால இளைஞரின் பேச்சுவழக்கில் இரவுநேரக் கொண்டாட்டத்தையும் துடிப்பையும் குறிக்கும். நாட்டின் தலையாய இலக்கியமும் புறநகர்த் தெருவின் கொச்சையும் ஒரே வரியில் கைகோத்தன. அச்சொல்லின் உள்ளே மறைந்திருக்கும் லா மாஞ்சா, புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த உழவர் குடும்பங்கள் பல விட்டுவந்த நிலமுமாகும் என்பதை எண்ணும்போது, அச்சிலேடையின் ஆழம் இன்னும் கூடுகிறது.

நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த பயணத்தை இத்தலைப்புகளே அளந்து காட்டுகின்றன. பிரிட்டனின் முழக்கத்தைத் தன் மொழியில் திருப்பிச் சொன்ன தலைப்போடு தொடங்கிய குழு, வேற்று மொழியில் சொல்லவே முடியாத தலைப்பில் வந்து நின்றது. 1989-இல் வெளிவந்த 'ஒப்ஸ்தினாத்தோ'வும் இவ்வகையினதே. ஒரே இசைத்தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்கும் 'ஒஸ்தினாத்தோ' என்ற இசைக் கலைச்சொல்லும், பிடிவாதம் கொண்டவரைக் குறிக்கும் 'ஒப்ஸ்தினாதோ' என்ற ஸ்பானியச் சொல்லும் அதில் ஒன்றாயின.

பிரிவும் தொடர்ச்சியும்

அத்தட்டின் பெயர் பிடிவாதத்தைக் குறித்தாலும் நால்வரின் ஒற்றுமை அதற்குமேல் நீடிக்கவில்லை. அதன் பின் ஷெர்பாவும் எர்மெஸ் கலாப்ரியாவும் விலகினர். காஸ்ட்ரோ உடன்பிறந்தோர் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் குழுவைத் தொடர்ந்து நடத்தினர். 1992-இல் 'தெசாஃபியோ', 1997-இல் 'ஆர்மா செக்ரெத்தா' எனத் தட்டுகள் வந்தாலும், ஷெர்பாவின் குரலும் கரோலினா கோர்தேசின் வரிகளும் இல்லாத இடம் உணரப்பட்டது. 2003-இல் வெளிவந்த 'பெர்வெர்சியோனெஸ்' பிற குழுக்களின் பாடல்களைத் தம் பாணியில் இசைத்த தொகுப்பு. ஒழுக்கப் பிறழ்வு என்று பொருள்படும் அச்சொல்லுக்குள், மறுவடிவங்கள் என்று பொருள்படும் 'வெர்சியோனெஸ்' என்ற சொல் ஒளிந்திருப்பதிலிருந்து பழைய சொல்விளையாட்டு தொடர்ந்ததை அறியலாம். குழு தோன்றி முப்பது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி முதல் நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் இசைத்தனர். 2012-இல் அவர்களுடைய வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படமும் வெளிவந்தது.

எனினும் இக்குழுவின் தொடர்ச்சியை அதன் தட்டுகளில் மட்டுமன்றி, அது திறந்துவிட்ட பாதையிலும் காண வேண்டும். ஸ்பானிய மொழி வழங்கும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அக்குழுவுக்குக் கேட்போர் உருவாயினர். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளையும் இணைக்கும் பொதுமொழி, ஆங்கிலச் சந்தையின் தயவை நாடாத ஒரு பரந்த அரங்கை அளித்தது. மாட்ரிட்டில் 1988-இல் தோன்றிய மாகோ தெ ஒஸ் குழு, 1998-இல் தோன் கிஹோத்தேவின் கதையையே ஒரு முழுத் தட்டின் பொருளாக்கியது.

இவ்விடத்தில் ஒரு சிக்கலையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். ஸ்பானியம் ராக் இசையுலகில் ஆங்கிலத்தின் நிழலில் நின்ற மொழி எனினும், ஸ்பெயினுக்குள் அதுவே ஆதிக்க மொழி. பிராங்கோவின் ஆட்சி கத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகளைப் பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விலக்கிவைத்தது. எனவே சொந்த மொழியில் முழங்கும் உரிமை மாட்ரிட்டோடு நின்றிருந்தால் அது அரைகுறை உரிமையாகவே இருந்திருக்கும். பாஸ்க் நாட்டின் எய்பார் என்னும் தொழில்நகரில் 1987-இல் தோன்றிய சு தா கார் குழு, 'நெருப்பும் சுடரும்' என்ற பொருளுடைய பாஸ்க் பெயரைத் தாங்கி, அம்மொழியிலேயே ஹெவி மெட்டல் பாடியபோது, அந்த உரிமை மேலும் ஒரு படி முழுமை பெற்றது.

முடிவுரை

ஒரு கலைவடிவத்தைக் கடன் வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை. இங்கிலாந்தின் குழுக்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து கடன் வாங்கித்தான் ஹெவி மெட்டலை உருவாக்கின. கடன் வாங்கியவர் அதைக் கொண்டு என்ன செய்தார் என்பதே வினா. பரோன் ரோஹோ வெளியூர் இசையின் ஒலியை மாற்றாமல் ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளே தன் மொழியின் வினைமுற்றையும், மரபுத்தொடரையும், நானூறு ஆண்டுப் பழைய நாவலையும், தெருப்பேச்சையும் குடியமர்த்தியது. ஐந்து உயிரொலிகளைக் கொண்ட அம்மொழியில் 'ரெசிஸ்திரே' என்ற ஒரு சொல்லின் இறுதி உயிரைப் பாடகர் நீட்டிப் பிடிக்கும்போது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாழ்ந்த குரலில் பேசப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து உரத்த குரலில் பாடினார்கள். அவர்கள் பாடியது தன்மை ஒருமையில் அமைந்த வினைமுற்றையே. அரங்கம் முழுவதும் சேர்ந்து ஒலித்தபோது அந்த ஒருமை பன்மையாயிற்று.